ஒன்றேகால் விநாடி

இடவப்பாதி தொடங்கி இன்றைக்குப் பதினோரு நாள்.
பால் வெட்டு இல்லை.
சிரட்டைகளில் மழைதான் நிறைகிறது.

மார்த்தாண்டம் ஆக்கர் கடையில்
தராசில் வைத்து விற்றான் மாகீன்,
ஆயிரத்து நூறு கிராம் யாஷிகா.
இரும்பு விலையா பித்தளை விலையா
அவனுக்கே குழப்பம்.
"கண்ணு ரெண்டு இருக்குல்லா, கூட்டித் தா" என்றான்.
குலசேகரம் பஸ்ஸில் மடியில் வைத்து வந்தேன்.
"சவம், இத வச்சு என்ன செய்யப் போற?"
என்றார் நேசையன்.
அழுத்தினால் திறக்கும். திறந்தால் மூடாது.
அவ்வளவுதான் அதற்கு நோய்.

முன்வளையத்தில் திருகு இல்லை, பிடி இல்லை.
அபிஷாவின் போனில் ஒரு ஜப்பான்காரர்,
முகமும் இல்லை பேச்சும் இல்லை, இரண்டு கை மட்டும்,
ரப்பர் உருளை ஒன்றை அழுத்தித் திருப்புகிறார்.
அந்த உருளை ஆயிரத்து எண்ணூறு ரூபாயாம்.
நான் சிரித்துவிட்டேன்.
கொட்டகையில் சாக்குச் சாக்காய் ஒட்டுப்பால்.
உருண்டை பிடித்து வளையத்தில் அழுத்தி
இடப்பக்கம் பைய ஒரு திருப்பு.
நாற்பது வருஷப் பிடிவாதம்
க்ரிச் என்று விட்டது.

லென்சுக்குள் பூஞ்சை,
வேர்விட்ட வெள்ளை.
இதை எனக்குத் தெரியும்.
மழைக்காலத்தில் வெட்டுப்பட்டையில் ஏறுகிற அதே சாதி.
மரத்துக்கு மருந்து தடவுகிற கை
குச்சி நுனியில் பஞ்சைச் சுற்றித் துடைத்தது.
"பார்மிக் ஆசிட் ஒரு சொட்டு விட்டுப் பாரு"
கட்டிலில் கிடந்தபடி நேசையன்.
பாலை உறையவைக்கிற ஆசிட்.
அவருக்கு எதுவும் உறைந்து கிடந்தால் சரி.

தகடு ஐந்தும் எண்ணெய் குடித்து ஒட்டியிருந்தன.
லைட்டர் பெட்ரோல் தொட்டுத் தொட்டு எடுத்தேன்.

மரத்தில் கத்தி எவ்வளவு இறங்கலாம் என்பது
ஒரு நூலளவு.
இறங்காவிட்டால் பால் இல்லை,
இறங்கிவிட்டால் மரம் புண்.
அந்த நூலளவுக்குத்தான்
பதினாறு வருஷமாய்ச் சம்பளம் எனக்கு.
அந்தக் கையிலிருந்துதான் தெறித்தது
ஸ்பிரிங்.

அரிசிமணியில் பாதி இருக்குமா?
சிவப்புத் தரையில் மூன்று பேரும் முட்டுக்குத்தி,
பிரிட்ஜில் ஒட்டியிருந்த காந்தப் பூசணிக்காயால்
அலமாரிக்கு அடியில் துழாவி,
கிடைத்தது
போன கிறிஸ்மசுக்குத் தொலைந்த கம்மல் திருகு.

கோயில் பாடகர் குழு ஷெர்லின்
அறுந்த கிட்டார்க் கம்பி தந்தான், உள்ளதில் மெலிசு.
தையல் ஊசியில் சுற்றினேன்.
முதலாவது உடைந்தது.
இரண்டாவது நீளம்.
மூன்றாவதை எங்கே வைத்தேன் என்று இன்றுவரை தெரியாது.
நான்காவதுக்குக் கரண்ட் போனது.
ஐந்தாவதை மெழுகுவர்த்தியில் மாட்டினேன்,
மூச்சை அடக்கி,
மூக்குநுனி வேர்க்க.

ஒரு விநாடி என்று வைத்து அழுத்தினேன்.
தகடுகள் விரிந்தன.
உள்ளே பல்சக்கரம்
பெட்டிக்குள் அடைத்த வண்டு மாதிரி முனகி
மூடியது!

அபிஷா போனில் அளந்தாள்.
ஒன்றேகால்.
மறுபடி அளந்தாள். ஒன்றேகால்.
கழற்றலாமா, கம்பியில் இன்னும் ஒரு சுற்றா என்று
ஸ்குரூ டிரைவரை எடுத்தேன்.
"விடுட்டீ. இந்த மழைக்கு வெளிச்சமே கொறவு,
கால் விநாடி கூட நிக்கட்டும்."
அன்று முழுக்க நேசையன் சொன்னதில்
உருப்படி அது ஒன்றுதான்.

மாலையில் மழை ஓய்ந்தது.
முதல் வரிசை, முதல் மரம்.
மேலிருந்து குனிந்து கண்ணாடியில் பார்த்தேன்.
என் வெட்டு இடப்பக்கம் மேலே தொடங்கி
வலப்பக்கம் கீழே இறங்குவது.
கண்ணாடியில் அது
வலமிருந்து இடத்துக்கு இறங்கியது.
யாரோ ஓர் இடக்கைக்காரியின் மரம்.

"படத்துல சரியாவும் அம்மா" என்றாள் அபிஷா.
படத்துக்குப் பிலிம் வேண்டும்.
விலை கேட்டிருக்கிறேன், மூன்று நாள் கூலி.

இருந்தாலும் அழுத்தினேன்.
வண்டு முனகி முடிகிறவரை
அவள் வேலையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.
சரிவு சரி.
பட்டையை வீணாக்கவில்லை.